தான் வரைந்த கலத்தில் தானே ஏறியவர்

விண்வெளிக் கதை பேசினால் நாம் ககாரினோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் உட்கார்ந்து போன உருண்டையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் கான்ஸ்டான்டின் ஃபியோக்டிஸ்டோவ். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

1926இல் வரோனெஷ் நகரில் பிறந்தவர். 1942இல், பதினாறு வயதில், சோவியத் ராணுவத்துக்காக உளவு பார்க்கப் போய் ஜெர்மானியர்களிடம் மாட்டிக்கொண்டார். குழியோரம் நிறுத்திச் சுட்டார்கள். குண்டு தாடைப் பக்கம் நுழைந்து கழுத்து வழியாக வெளியேறியது. செத்தவன் போலக் குழிக்குள் கிடந்து, ஆள் நடமாட்டம் அடங்கியதும் ஊர்ந்து தப்பினார். அந்தப் பையன்தான் பின்னாளில் சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரலியோவின் வடிவமைப்பகத்தில் மனிதன் போகும் முதல் கலத்துக்குக் கணக்குப் போட்டவர்.

ககாரின் போன கலமான வஸ்தோக் ஏன் உருண்டை என்பதற்கு நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையே போதும். எடையை ஒரு பக்கமாக வைத்துவிட்டால், எப்படித் தள்ளினாலும் கனமான பக்கம் தானாக முன்னுக்கு வந்துவிடும். வளிமண்டலத்துக்குள் பாயும்போது கலத்தைத் திருப்பிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். இன்னொன்று: வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கும் ராக்கெட் ஒன்றே ஒன்றுதான். அது எரியாவிட்டால்? அந்த உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்றே பத்து நாளில் இழுத்து இறக்கிவிடும்படி தாழ்வான பாதையைத் தேர்ந்தெடுத்து, பத்து நாளுக்கான உணவையும் மூச்சுக் காற்றையும் உள்ளே வைத்தார்கள். மாற்று ராக்கெட் இல்லாத இடத்தில் இயற்கையையே மாற்றாக வைத்த மூளை அது! (1961 ஏப்ரல் 12 அன்று ககாரினின் பாதை திட்டமிட்டதைவிட உயரமாகப் போய்விட்டது. நல்லவேளை, ராக்கெட் எரிந்தது.)

என் மனத்தை அறுப்பது அதற்கு அடுத்த கலம், வஸ்ஹோத்.

அமெரிக்காவின் இருவர் கலமான ஜெமினி வருவதற்குள் மூன்று பேரை அனுப்பிவிட வேண்டும் என்று அவசரம். புதுக் கலம் செய்ய நேரமில்லை. ஒருவர் போன அதே 2.3 மீட்டர் உருண்டைக்குள் மூவரை உட்காரவைக்க வேண்டும். ஆளை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கையை எடுத்தார்கள். விண்வெளி உடுப்பும் போயிற்று, அதைப் போட்டால் மூவருக்கு இடமில்லை. இருக்கைகளைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டார்கள், கருவிப் பலகை பழைய இடத்திலேயே இருந்தது. கழுத்தைத் திருப்பித்தான் முள்ளைப் பார்க்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் சிலவற்றைச் சேர்க்கவும் செய்தார்கள்: இரண்டாவது இறக்க ராக்கெட், தரையைத் தொடும்போது அடியைக் குறைக்கும் சிறு ராக்கெட். ஆனால் கிளம்பிய முதல் சில விநாடிகளில் கோளாறு வந்தால் தப்ப வழியே இல்லை.

ஃபியோக்டிஸ்டோவ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று இருக்கையில் ஒன்று பொறியாளருக்கு என்று கொரலியோவ் சொன்னதும் மறுப்பு இளகியது. ஆளில்லாத சோதனை 1964 அக்டோபர் 6இல். ஆறே நாள் கழித்து, அக்டோபர் 12இல், விமானி கொமரோவ், மருத்துவர் யெகோரோவ் இருவரோடும் அவரும் ஏறினார். கண்ணாடி போட்டவர், கட்சி உறுப்பினரும் இல்லை. 16 சுற்று சுற்றிவிட்டு மறுநாள் மூவரும் பத்திரமாக இறங்கினார்கள்.

நான் அவரை வணங்குவதற்கும் அவரோடு சண்டை போடுவதற்கும் அந்த ஒரே இருக்கைதான் காரணம்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டுமானத் தளத்தில், ஆளும் பொருளும் ஏற்றும் ஹாய்ஸ்ட்டின் கதவு லாக் கெட்டுப்போய், கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் தயங்கி நின்றோம். பொறுப்பில் இருந்த இன்ஜினியர், "நானே வரேன்ல, அப்புறம் என்ன பயம்?" என்று முதல் ஆளாக ஏறினார். அப்புறம் நாங்களும் ஏறினோம். நல்ல மனுஷன், உண்மையிலேயே தைரியசாலி. மூன்று வாரம் அந்தக் கம்பியோடுதான் பதினோராவது மாடிக்குப் போய்வந்தோம். அவரே ஏறிவிட்ட பிறகு லாக்கைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. எதுவும் ஆகவில்லை. இன்று நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

வஸ்ஹோத்திலும் எதுவும் ஆகவில்லை. அதனாலேயே உடுப்பில்லாமல் போவது வழக்கமாகிப்போனது என்று நான் நினைக்கிறேன். அடுத்து வந்த சோயுஸின் வடிவமைப்பிலும் ஃபியோக்டிஸ்டோவின் கை உண்டு. அதிலும் உடுப்பில்லாமலே போனார்கள். 1971 ஜூன் 30, சோயுஸ் 11. திரும்பும் வழியில், ஏறக்குறைய 168 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு காற்று வால்வு திறந்துகொண்டு, உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. கலம் ஒழுங்காகத் தரையிறங்கியது. மீட்புக் குழு கதவைத் திறந்தபோது டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவர் உயிரும் போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் உடுப்பு கட்டாயமானது. உடுப்புக்கு இடம் வேண்டுமே, மூவர் கலம் இருவர் கலமானது. மூன்றாவது ஆளை மறுபடி ஏற்ற ஒன்பது வருடம் பிடித்தது. 1980 நவம்பரில் சோயுஸ் டி-3இல் மூவர் போனார்கள், மூவரும் உடுப்போடு. அதில் போகப் பயிற்சி எடுத்தவர்களில் 54 வயது ஃபியோக்டிஸ்டோவும் ஒருவர். கடைசி நேரத்தில் மருத்துவர்கள் உடல்நிலையைக் காட்டித் தடுத்துவிட்டார்கள். அவர் இடத்தில் வேறொருவர் போனார்.