500 டாலருக்கு 1,000 சொல்
மிசிசிப்பி ஆறு தன்பாட்டுக்கு ஓடுகிறது. மெம்பிஸில் கல்லூரிக்குப் பணம் தேடும் என் மகளுக்கும் எனக்கும்தான் மூச்சு வாங்குகிறது. லாட்டரிப் பணத்தில் வரும் டென்னசி மாநிலத்தின் ஹோப் உதவித்தொகையாவது ஒளிவுமறைவு இல்லாதது: பள்ளி மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 3.0 அல்லது கல்லூரி நுழைவுத் தேர்வான ஏசிடியில் 21. மற்றவை? 500 டாலருக்கு 1,000 சொல்லில் 'என் வாழ்வின் பெருந்துயரம்' கட்டுரையாம்! பதினேழு வயதுப் பெண் துயரத்துக்கு எங்கே போவாள்? இந்தப் படிவங்களைப் பற்றியே எழுதலாம். இரவு 11:58-க்குப் பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது. சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு, 'காலக்கெடு முடிந்தது'. இன்னொன்றில் பரிந்துரைக் கடிதம், வரிக் கணக்கு எல்லாம் ஏற்றியபின் கடைசிப் பக்கத்தில் சொல்கிறார்கள், பக்கத்து மாவட்ட (கவுண்டி) மாணவர்களுக்கு மட்டுமாம். இதை முதல் பக்கத்திலேயே சொன்னால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா?