கிரகம் புடிக்கறது வேற, பண்ணையம் பண்றது வேற

போன ஞாயித்துக்கிழமை காங்கயத்துக்குப் பக்கத்துல, மச்சான் தோட்டத்துச் சாளையில ஆறு பேர் உக்காந்து ட்விலைட் இம்பீரியம்ங்கற விண்வெளி போர்டு கேம் ஆடினோம். காலைல ஒன்பதரைக்கு விரிச்ச அட்டை, மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் தாண்டியும் மடிக்கல. அறுகோண அட்டை மட்டும் 37. காத்துல சீட்டு பறக்காம இருக்க அங்கங்க தேங்காத்தொட்டி கவுத்து வெச்சிருந்தோம்.

அம்மிச்சி வந்து எட்டிப் பாத்தாங்க. "என்ன கண்ணு பண்றீங்க?"

"கிரகம் புடிக்கறமுங் அம்மிச்சி."

"புடிச்ச கிரகம் உட்டாப் போதும்னு நாங்க கொடுமுடிக்குப் போயிட்டு வாரோம். நீங்க வேலை மெனக்கெட்டு உக்காந்து புடிக்கறீங்களாக்கும்?"

இதுக்கு மேல அந்த ஆட்டத்துக்கு விமர்சனம் வேண்டியதில்ல. ஆனா மச்சான் தோத்த கோவத்துல ஒரு வாதம் வெச்சாரு. நாலு நாளா அது மனசுலயே ஓடுது, அதனால இந்தப் பதிவு.

மச்சான் கையில கடைசில பதினோரு கிரகம். ஜெயிச்ச என் பங்காளிகிட்ட ஏழுதான். "பதினொன்னு வெச்சிருக்கறவன் தோக்கறான், ஏழு வெச்சிருக்கறவன் ஜெயிக்கறான். இதென்ன கணக்கு மாப்ள? அதுலயும் பாதிக் கிரகத்துல அவனுக்கு ஒரு ஆளு கூட இல்ல. ஆளில்லாத கிரகம் எப்படி அவனுதாகும்?" அடுத்த தடவை நம்ம வீட்டு விதியா, காலாள் இல்லாட்டி கிரகம் கையை விட்டுப் போகணும்னு மாத்தணும்ங்கறாரு.

மாத்தக்கூடாதுங்கறேன் நான்.

ஆடாதவங்களுக்கு ஒரு வார்த்தை. 1997ல கிறிஸ்டியன் பீட்டர்சன் உண்டாக்கின ஆட்டம் இது. நாங்க ஆடறது 2017ல வந்த நாலாம் பதிப்பு. பத்து புள்ளி எடுத்தவன் ஜெயிச்சான். கப்பல்ல காலாளை ஏத்திட்டுப் போயி ஒரு கிரகத்துல எறக்கினா அந்தக் கிரகத்துச் சீட்டு நம்ம கைக்கு வரும். வந்த உடனே தின்ன முடியாது, கவுந்த மேனிக்குத்தான் வரும். பொதுவா அடுத்த சுத்துல நிமித்தினாத்தான் வெளைச்சல். தென்னம்புள்ளை வெச்ச அன்னிக்கே எளநி கேக்க முடியாதுங்கற மாதிரி. அப்பறம் காலாளைக் கூட்டிட்டு வேற பக்கம் போயிட்டாலும் நம்ம வில்லை ஒன்னை அங்க வெச்சாப் போதும், கிரகம் நம்முது.

மச்சானுக்கு உறுத்தறது இந்த இடம்தான். நான் கேட்டேன்: "திருப்பூர்ல குடியிருந்துட்டு இங்க கொறங்காட்டத் தரிசாப் போட்டு வெச்சிருக்காரே உங்க பெரியப்பா, அது யாருதுங்க மச்சான்?" மொறைச்சாரு. ஒரே வித்தியாசம், காட்டுக்குப் பட்டா இருக்கு, வி.ஏ.ஓ. இருக்காரு, கோர்ட் இருக்கு. ஆட்டத்துல அதெல்லாம் இல்ல. எவனோ ஒருத்தன் ஒரே ஒரு காலாளை எறக்கினா வில்லையை எடுத்துட்டுப் போக வேண்டியதுதான். அதனால ஆளில்லாத கிரகம் இலவசமா வர்றதில்ல. பக்கத்துக்காரன் வரமாட்டாங்கற தைரியத்துல நிக்குது.

கிரகத்துக்கு நடுவுல இருக்கற வெட்டவெளி யாருக்கும் சொந்தமில்லங்கறதை நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. சொந்தம் கிரகத்துக்கு மட்டுந்தான். வெட்டவெளிங்கறது நம்ம இட்டேரி மாதிரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்கு உள்ள அவனவன் காடு, நடுவுல போற தடம் எவன் பேர்லயும் இல்ல. ஆனா ஒருத்தன் குறுக்க வண்டியை நிறுத்திட்டான்னா? அடுத்தவன் கப்பல் நிக்கற கட்டத்தத் தாண்டி நம்ம கப்பல் போக முடியாது. நம்ம கிரகத்துக்கு மேலயே எதிரிக் கப்பல் வந்து நின்னாலும் கிரகம் நம்முதுதான், ஆள் எறங்குனாத்தான் போகும். ஆனா நம்ம கப்பல் ஒன்னும் அங்க இல்லாம எதிரி நின்னுட்டான்னா, நம்ம கப்பல் பட்டறையில புதுசாக் கப்பல் செய்ய முடியாது. காடு உங்க பேர்ல இருக்கு, கடவுக்கு முன்னாடி இன்னொருத்தன் டிராக்டர் நிக்குது. எங்க பக்கம் எத்தனை வழித்தகராறு இப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

மச்சான் சொல்ற விதியைப் போட்டா என்னாகும்? ஒவ்வொரு கிரகத்துக்கும் ரெண்டு ஆள் காவல். காலாள் விலை மலிவுதான், ஒரு பங்கு வளத்துக்கு ரெண்டு பேர் கிடைப்பாங்க. அவங்களைக் கொண்டு போய்ச் சேக்கறதுதான் கஷ்டம்; கேரியர்ங்கற ஆளேத்தற கப்பல்ல சாதாரணமா நாலு பேர்தான் ஏறுவாங்க. ஆறு பேரும் அவனவன் காட்டுக்குக் காவக்காரனைக் கூட்டிட்டுப் போறதுலயே நாள் முடிஞ்சிரும். எட்டு மணி நேர ஆட்டம் பதினாறு மணி நேரமாகும். அம்மிச்சி கையில தடியோட வருவாங்க.

மச்சான் தோத்ததுக்குக் காரணம் வேற. டோக்கன்.

ஆரம்பத்துல ஒரு ஆளுக்கு எட்டு கமாண்ட் டோக்கன்: மூனு நகர்றதுக்கு, மூனு ஒரு கட்டத்துல எத்தனை பெரிய கப்பல் நிக்கலாம்ங்கறதுக்கு, ரெண்டு அடுத்தவன் எறக்கற வியூகச் சீட்டுல நாமளும் ஒட்டிக்கறதுக்கு. ஒரு கட்டத்துக்குக் கப்பல் போகணும்னா அங்க ஒரு டோக்கன் வெக்கணும். வெச்சா அந்தச் சுத்து முடியற வரைக்கும் அங்க இருக்கற நம்ம கப்பல் வெளிய நகராது. சுத்துக்குத் தானா வர்றது ரெண்டுதான். அப்ப எத்தனை கிரகம் இருந்தா என்ன? கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். மொத்தத்துக்கும் ஒரே சமயத்துல தண்ணி வர்றதில்லையே, ஒத்தப்படை மதகு, ரெட்டப்படை மதகுன்னு பாதி பாதியா மொறை வெச்சுத்தான விடறாங்க. பத்திரத்துல இருக்கற ஏக்கரு வேற, இந்தப் போகம் தண்ணி பாயற ஏக்கரு வேற. மச்சான் ஏக்கரைச் சேத்தாரு. பங்காளி தண்ணியைச் சேத்தான்.

எப்படின்னா, ஒவ்வொரு கிரகத்துக்கும் ரெண்டு எண்ணு: வளம், செல்வாக்கு. மச்சான் வளத்தை மட்டும் பாத்துப் புடிச்சாரு. லீடர்ஷிப்ங்கற வியூகச் சீட்டு விழறப்பெல்லாம் மூனு செல்வாக்குக்கு ஒரு டோக்கன் வாங்கலாம். பங்காளி அதைத்தான் வாங்கிட்டே இருந்தான். நடுவுல இருக்கற மெக்கடோல் ரெக்ஸ் கிரகத்துக்கு வளம் 1, செல்வாக்கு 6. மானாவாரிக் காடு, ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கற மானாவாரிக் காடு. மொதல்ல எறங்கறவன் ஆறு செல்வாக்கு கட்டணும், கட்டினா ஒரு புள்ளி. அதுக்கப்பறம் சுத்துக்குச் சுத்து சட்டசபை கூடும், அங்க ஓட்டுக்கும் அதே செல்வாக்குத்தான். (சட்டசபைப் பகுதி எனக்குப் பிடிக்காது. அரை மணி நேரம் பேசி ஒன்னும் நடக்காது.)

எக்லிப்ஸ்னு 2011ல வந்த இன்னொரு விண்வெளி ஆட்டம் இதையே பட்டவர்த்தனமாச் சொல்லுது. அங்க ஒவ்வொரு புது இடத்துக்கும் ஒரு வட்டு வெக்கணும், வட்டு வெளிய போகப் போகச் செலவு ஏறும். கட்ட முடியாட்டி புடிச்ச இடத்தை விட்டுட்டு வரணும். அந்த ஆட்டத்தை ஆடியிருந்தா மச்சானுக்கு மொதல்லயே புரிஞ்சிருக்கும்.

அஞ்சாவது சுத்துல நான் செஞ்ச வேலையையும் சொல்லிடறேன். மச்சானோட சொந்த ஊட்டுக் கட்டத்துல ரெண்டு கிரகம். பதினோரு பக்கம் கப்பலை அனுப்பிட்டு ஊட்டுல ஒத்தைக் காலாளை வெச்சிருந்தாரு. நான் நாலு பேரைக் கொண்டு போயி ஒரு கிரகத்துல எறக்கிட்டேன். சொந்த ஊட்டுக் கிரகம் அத்தனையும் கையில இல்லாட்டி பொது இலக்குல ஒரு புள்ளி கூட எடுக்க முடியாது. ஊட்டுக்கு வெளிய ஆறு கிரகம் வெச்சிருந்தா ஒரு புள்ளின்னு மேசை மேல சீட்டு மல்லாந்து கெடக்குது, மச்சான்கிட்ட பத்து இருக்கு, எடுக்க முடியல. அந்த மொகத்தைப் பாக்கணுமே. ஆளில்லாத கிரகத்தப் பத்தின சட்டம் பேச ஆரம்பிச்சது அதுக்கப்பறம்தான்.

ரெண்டு நாள் பேசல. நேத்து ராத்திரி வாட்ஸப்புல வந்தாரு: "மாப்ள, அடுத்த தடவை என் ஊட்டுல ரெண்டு பிடிஎஸ் வெக்கறேன்." ஆட்டத்துல பிடிஎஸ்ங்கறது கிரகத்துக் காவல் பீரங்கி.

"ஊட்டுக்கு ரெண்டு ரேஷன் கடைங்களா மச்சான்?"னு கேட்டேன்.

நீல டிக் விழுந்திருக்கு. பதில் இல்ல.