விவ் ரிச்சர்ட்ஸோட கிரிக்கெட் பேட்டை மட்டும் பார்த்துட்டு ஓடிடாதீங்க

கரீபியன் தீவான ஆன்டிகுவா போற நம்மாளுங்க எல்லாரும் பீச் போட்டோவா போட்டுத் தள்றாங்க, வருஷத்துல நாளைக்கு ஒண்ணுன்னு 365 பீச் இருக்குன்னு அந்த ஊர்க்காரங்களே விளம்பரம் பண்றாங்க, சரி போகட்டும். ஆனா தலைநகர் செயின்ட் ஜான்ஸ்ல கப்பல் வந்து நிக்கிற இடத்துலேர்ந்து பொடிநடையா போற தூரத்துல ஒரு மியூசியம் இருக்கு, அதைக் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. 1750ல கட்டின பழைய கோர்ட் கட்டடம், ரெண்டு தடவை பூகம்பத்துல அடி வாங்குனது, 1985லேர்ந்து மியூசியம். நம்மூர் கல்யாண மண்டபத்து பந்தி ஹாலே இதைவிட பெருசா இருக்கும்.

நான் போனதும் அங்க வெச்சிருக்கற வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் விவ் ரிச்சர்ட்ஸோட பேட்டுக்காகத்தான், மறைக்க என்ன இருக்கு. 1986ல அதே ஊர் ரெக்ரியேஷன் கிரவுண்ட்ல இங்கிலாந்தைப் போட்டு அடிச்சு 56 பால்ல செஞ்சுரி, 2016ல நியூசிலாந்து மெக்கல்லம் வர்ற வரைக்கும் டெஸ்ட்ல அதை யாரும் தாண்டல. அந்த சீரிஸே வெஸ்ட் இண்டீஸுக்கு 5-0.

பேட்டைப் பார்த்ததும் பாதிப்பேர் கிளம்பிடறாங்க. அங்கதாங்க எனக்குக் கடுப்பு. பக்கத்துலயே அடிமைங்களை வெச்சு வேலை வாங்கின கரும்புத் தோட்டத்தோட மாடல் இருக்கு, அதைப் பார்க்காம அந்த பேட்டுக்கு என்ன அர்த்தம்? 1736ல கிளாஸ்னு ஒரு அடிமை, ஒரு பெரிய விருந்தை வெடி வெச்சுத் தகர்த்து தீவையே பிடிக்கத் திட்டம் போட்டாருன்னு சொல்லி அவரைச் சக்கரத்துல கட்டி எலும்பை உடைச்சுக் கொன்னாங்க, மொத்தம் 88 பேருக்கு மரண தண்டனை, அதுல 77 பேரை உயிரோட எரிச்சுட்டாங்க. இது நடந்து 14 வருஷத்துல எழும்பினதுதான் நாம நிக்கிற இந்த கோர்ட்.

1834 ஆகஸ்ட் 1 அடிமைங்களுக்கு விடுதலை வந்தப்போ பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு குடுத்துச்சு, யாருக்கு? முதலாளிகளுக்கு! வேலை செஞ்சு செத்தவன் வீட்டுக்கு ஒரு பைசா கிடையாது. மத்த பிரிட்டிஷ் கரீபியன் தீவுல எல்லாம் இன்னும் சில வருஷம் கட்டாய வேலைன்னு வெச்சாங்க, ஆன்டிகுவாவுல அன்னிக்கே முழு விடுதலை, ஏதோ நல்ல மனசுன்னு நினைக்காதீங்க, தீவுல இருந்த நிலம் கிட்டத்தட்ட மொத்தமும் தோட்ட முதலாளி கையில, விடுதலையானவங்க வேற எங்க போய் பிழைப்பாங்க, அதே வயலுக்குத்தான் திரும்பணும். அந்த வம்சத்துலேர்ந்து வந்த ஒருத்தர் கேப்டனா, கையில ஆப்பிரிக்க அடையாளமா சிவப்பு மஞ்சள் பச்சை ரிஸ்ட் பேண்ட் போட்டுக்கிட்டு இங்கிலாந்து பவுலரை ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போடறார்னா அதை வெறும் ஸ்கோர்கார்டா பார்க்க முடியல.

இன்னொண்ணு, அந்த ஊர்ல வாரின்னு ஒரு ஆட்டம், கிட்டத்தட்ட நம்ம பல்லாங்குழி மாதிரிதான். பக்கத்துக்கு ஆறு குழி, குழிக்கு நாலு காய், காயும் நம்ம கழற்சிக்காயேதான்! மேற்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து சங்கிலியில வந்தவங்க ஞாபகத்துல கொண்டு வந்த ஆட்டம், இன்னிக்கும் விறுவிறுன்னு ஆடறாங்க.

நேரம் மிச்சமிருந்தா டாக்ஸி புடிச்சு பெட்டிஸ் ஹோப்ங்கற பழைய கரும்புத் தோட்டத்துக்கும் போயிட்டு வாங்க, கரும்பு ஆட்டின காத்தாலை கோபுரம் ரெண்டு இன்னும் நிக்குது. ஆனா மியூசியத்துல மாடலைப் பார்த்துட்டுப் போங்க, இல்லேன்னா செல்ஃபிக்கு நல்ல கல் கோபுரம்னு மட்டும்தான் தோணும்.