மானை வரைந்தால் திருகோணமலைச் சேலை ஆகிவிடுமா?

புடைவை வடிவமைப்புப் படிக்கத் தொடங்கிய முதலாம் ஆண்டில் நான் செய்த சேலையை அண்மையில் அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ‘பிறந்த ஊர்’ என்பது அன்று எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. திருகோணமலைக்காரி என்பதால் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை வரிசையாக நிறுத்தி, கரை முழுவதும் கோணேசர் கோயில் கோபுரத்தை ஓடவிட்டு, இடையில் கடலுக்காக ஒரு நீலத்தையும் பூசினேன். நல்ல புள்ளிகளும் கிடைத்தன. விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவந்து அம்மம்மாவுக்கு உடுத்திவிட்டபோது, அவர் முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, மானெல்லாம் படுத்துக் கிடக்குது?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். உடலைச் சுற்றிவரும் பகுதியில் சேலையின் அகலம் மேல்கீழாக நிற்கிறது. தோளைத் தாண்டிய முந்தானையிலோ அதன் நீளம் மேல்கீழாகத் தொங்குகிறது. ஆகவே இடுப்புக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் மான், முந்தானைக்கு வரும்போது பக்கவாட்டில் விழுந்துவிடுகிறது. பிறந்த நாள் முதல் சேலை உடுத்தவர்களைப் பார்த்து வளர்ந்த நான், கணினித் திரையில் தட்டையாக விரிந்து கிடந்த ஐந்தரை மீற்றரை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறேன். புள்ளி போட்டவர்களும் அதை மேசையில் விரித்துத்தான் பார்த்தார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சிறிய ஆறுதல் உண்டு.

அதற்குப் பிறகு, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைக்குப் பத்திக் கலைஞர் எனா டி சில்வா செய்த பத்திக் வேலையின் (துணியில் மெழுகால் வரைந்து, மெழுகு படாத இடத்தில் சாயமேற்றும் முறை) படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்ப்பவருக்காகவே செய்யப்பட்ட துணி அது. துணி எங்கே இருக்கப்போகிறது, யார் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார் என்ற கேள்வி வரைவதற்கு முன்பே வரவேண்டும் என்பது எனக்கு அந்தக் கூரையிலிருந்து கிடைத்தது.

ஊரின் அடையாளம் என்று எங்களிடம் கேட்கப்படும்போதெல்லாம் கோபுரமும் மானும் புறாமலைப் பவளப்பாறையும் வந்து நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் ரீசேட்டிலும் அவைதான் இருக்கின்றன. அவற்றின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவற்றை எடுத்து ஒட்டுவதற்கு வடிவமைப்பாளர் ஒருவர் நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்டது கரைவலை. உப்புவெளிக் கடற்கரையில் இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கும் அந்த வலையைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருந்தாலும், அதன் கண்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். வலையின் இரு கைகளிலும் பெரிதாக இருக்கும் கண்கள், மீன் சேரும் மடியை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகின்றன. சேலைக்கும் கரை உண்டு, மடிப்பு உண்டு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். உடலில் அகன்று கிடக்கும் கண்கள் முந்தானையில் நெருங்கிவிடுமாறு ஒரு பத்திக் சேலையை வகுத்தேன். வலைக்கண்ணைக் கிடையாகப் பார்த்தாலும் நெடுகப் பார்த்தாலும் அது வலைக்கண்தான். படுத்துக் கிடக்கிறது என்று அம்மம்மாவால் சொல்ல முடியாது.

நிறத்திலும் நீலத்தை விட்டுவிட்டேன். மாரி காலத்து உட்துறைமுகத்தின் சாம்பல் நிறம் எனக்குத் தேவைப்பட்டது. கடும் தேயிலைச் சாயத்தில் துணியை ஊறவைத்து, துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் போட்டு எடுத்த நீரில் தோய்த்தால் அந்தச் சாம்பல் வருகிறது. மெழுகு உருகாதிருக்கச் சாயத்தை நன்றாக ஆறவிட வேண்டும். இரும்பு கூடினால் பருத்தி நூல் நாளடைவில் இற்றுப்போகும். வெறும் பரஃபின் மெழுகு வெடித்து வலைக்கோடுகளுக்குள் சாயத்தை விட்டுவிட்டதால், தேன்மெழுகைக் கூட்டி மூன்று தடவை மாதிரி செய்தேன். முதலாம் ஆண்டில் அந்த வெடிப்புகளைத்தான் கலை என்று நம்பியிருந்தேன்.

மாதிரித் துணியைக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் காட்டினேன். அவர் விரலை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தி, “இந்த இடத்தில பெரிய கண் சடாரெண்டு சின்னனாகுது மகள், இது கிழியும்” என்றார். பெரிய கண் ஒன்றுக்கு இரண்டு மூன்று சிறிய கண்களைச் சேர்த்துக் கட்டும் முறையையும் கையில் இருந்த நூலாலேயே செய்து காட்டினார். இடுப்பிலிருந்து தோள்வரை வரும் அந்தப் பகுதியை இப்போது மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறேன்.