அப்பா போனில் மூன்று பாயிண்ட்

போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி ஏழேகால் மணி. அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. "கண்ணு, அந்த மாத்திரை..." என்றார், அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன், அப்போதும் சுவிட்ச் ஆஃப். எழுபத்தி நாலு வயசு, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், கடைசியாகச் சொன்ன வார்த்தை மாத்திரை. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வண்டியை எடுத்தேன். கோரிமேடு, அடிவாரம், அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில் ஒரு காட்டெருமை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகரும்வரை லைட்டை டிம் பண்ணிவிட்டு, ஹாரன் அடிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். "எதுக்குடா இந்த நேரத்துல?" என்கிறார். மாத்திரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டது, வேற டப்பா வாங்கிட்டு வா என்று சொல்ல வந்தாராம்!

என் கோபம் அவர் மேல் இல்லை. ஒவ்வொரு தடவை பேச ஆரம்பிக்கும்போதும் "சார்ஜ் இருக்காப்பா?" என்று கேட்பது என் பழக்கம். அன்றைக்கும் கேட்டேன். "மூணு பாயிண்ட் இருக்கு, நீ பேசு" என்றார். மொத்தமே நாலு கோடு, அதில் மூன்று இருக்கிறது. முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கும் வண்டி நடுரோட்டில் நின்றால் மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்போமா இல்லையா? போனுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

நான் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த போனைக் கொண்டுபோய்ப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி முதலில் பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேஜையில் படுக்கப் போட்டு ஒரு சுண்டு சுண்டினார். பம்பரம் மாதிரி சுற்றியது. "உப்பிருச்சுங்ணா. நல்ல பேட்டரி இப்படிச் சுத்தாது" என்றார். நடுவில் லேசாகத் தொப்பை போட்டிருந்தது, கையில் வைத்துப் பார்த்தால்கூடத் தெரியாத அளவு.

அப்புறம் மீட்டரை வைத்தார். 3.8 வோல்ட். "பாருங்ணா, இதைப் பாத்துட்டுத்தான் உங்க போன் மூணு கோடு காட்டுது" என்று சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து ஒரு பழைய பைக் இண்டிகேட்டர் பல்பை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒட்டினார். பல்பின் கம்பி மங்கலாகச் சிவந்தது. மீட்டரில் 3.8 இருந்த இடத்தில் 3.5, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பல்பை எடுத்ததும் மெல்ல மெல்ல ஏறி மறுபடி 3.8. சும்மா இருக்கும்போது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, வேலை கொடுத்தால் மூச்சு வாங்குகிறது. எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. போன் செத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு ஆன் பண்ணினால் மறுபடி இரண்டு கோடு காட்டி ஒரு மிஸ்டு கால் கொடுக்கும் அளவுக்கு உயிர் வருமே, அது இதுதான். ஓய்வு கொடுத்தால் வோல்டேஜ் கொஞ்சம் எழுந்து உட்காரும். டார்ச் லைட் கட்டையை வெயிலில் காயவைத்த தலைமுறைக்கு இதெல்லாம் புதுசு இல்லை.

பழைய போன்களில் அந்தக் கோடுகள் பேட்டரிக்குள் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே இல்லை, வோல்டேஜை மட்டும் பார்க்கின்றன. லித்தியம் அயான் பேட்டரி முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். இறங்க ஆரம்பித்ததும் சீக்கிரமே 3.9 பக்கம் வந்துவிடும், அதற்கப்புறம் அதன் ஆயுசில் பெரும்பகுதி 3.9க்கும் 3.6க்கும் நடுவில் அசையாமல் படுத்துக்கிடக்கும். 3.5க்குக் கீழே போனால் மலையிலிருந்து கல் உருளுகிற மாதிரிதான். இப்போது 4.2லிருந்து 3.2 வரை சமமாக நாலு கூறு போட்டு நாலு கோடு வரைந்தால் என்ன ஆகும்? நடுக்கோடுகள் நாள்கணக்கில் நிற்கும், கடைசிக் கோடு வந்த சில நிமிஷத்தில் ஆள் காலி. ஒரு கோடு இருக்கிறதே, கால்வாசி இருக்கும் என்று நம்புகிறவன் ஏமாளி.

சொல்லப்போனால் எல்லாக் கம்பெனியும் இப்படிச் சமமாகக் கூறு போடுவதில்லை. வளைவு எங்கே படுக்கிறது, எங்கே விழுகிறது என்று பார்த்துக் கோட்டை வைக்கலாம், அது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. 2003இல் வந்த நோக்கியா 1100 என்னிடம் ஐந்து வருஷம் இருந்தது. திரையில் இந்தப் பக்கம் டவர், அந்தப் பக்கம் பேட்டரி. 850 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான், இன்றைக்குச் சில வயர்லெஸ் இயர்போன் டப்பாவிலேயே அதில் பாதிக்கு மேல் இருக்கும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. கடைசிக் கோட்டுக்கு வந்த பிறகும் அதில் தைரியமாக ஒரு போன் பேசலாம், அது எனக்கு அனுபவம். இப்போது ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கீபேட் போன்களில் அந்த அக்கறை இல்லை. ஏதோ ஒரு அட்டவணையை எழுதிப் போட்டுவிட்டு கைகழுவிவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாற்று பேட்டரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதே அளவுள்ள டப்பாவில் 1500 என்று அச்சடித்து விற்கிறார்கள், எடை போட்டுப் பார்த்தால் ஒரிஜினலைவிட லேசாக இருக்கிறது.

இதில் மலைக்காரர்களுக்குத் தனிக் கணக்கு. 2ஜி போன் பேசும்போது தொடர்ந்து அலை அனுப்புவதில்லை, விட்டு விட்டு அனுப்பும், நொடிக்கு ஏறக்குறைய 217 தடவை. பழைய டிவி, ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் கால் வருவதற்கு முன்னாலேயே "டிர்ர் டிட் டிட் டிர்ர்" என்று சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா, அந்தத் துடிப்புதான் அது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் முணுமுணுத்தாலே போதும். டவர் தூரத்தில், நடுவில் ஒரு மலைமுகடும் சில்வர் ஓக் தோப்பும் இருந்தால் தொண்டை கிழியக் கத்தவேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போன் அனுப்பும் சக்தி உச்சபட்சம் 2 வாட். அந்த ஒரு துடிப்புக்கு பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் வரை இழுக்கும். தம்பி ஒட்டிய பல்பு எல்லாம் அதற்குமுன் ஒன்றுமே இல்லை. வயதான பேட்டரி, அதன்மேல் மார்கழிக் குளிர். 12, 13 டிகிரி என்பது பேட்டரியைக் கொல்லும் குளிர் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏற்கனவே மூச்சு வாங்குகிற கிழவனுக்கு அதுவும் சேர்ந்தால் போதாதா. ஒரே போன், ஒரே மூன்று கோடு, அஸ்தம்பட்டியில் ஒரு நாள் தாங்கும், நாகலூரில் ஒரு வார்த்தை தாங்காது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கோடு காட்டுகிற கருவியை என்னவென்று நம்புவது?

"அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடு, பர்சென்டேஜ் காட்டும்" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள் என்று தெரியும். பர்சென்டேஜ் எப்படி வருகிறது என்பதை அப்பா பாஷையிலேயே சொல்கிறேன். அவர் முப்பது வருஷம் காபி எஸ்டேட் ஸ்டோரில் குமாஸ்தா. மூட்டை அடுக்கின் உயரத்தைத் தூரத்தில் நின்று பார்த்து "முக்கால் குடோன் இருக்கு" என்று சொல்வது ஒரு வகை, பழைய போனின் கோடு அந்த வகை. வாசலில் உட்கார்ந்து உள்ளே வந்தது இத்தனை, வெளியே போனது இத்தனை, இருப்பு இத்தனை என்று ரிஜிஸ்டர் எழுதுவது இன்னொரு வகை. ஸ்மார்ட்போனில் இருக்கும் ஒரு சின்ன சில்லு, ஏறும் கரண்டையும் இறங்கும் கரண்டையும் அப்படித்தான் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ரிஜிஸ்டரும் பொய் சொல்லும். ஈரம் காய்ந்து எடை குறையும், எலி தின்னும், சாக்கு கிழிந்து சிந்தும், எதுவும் நோட்டில் ஏறாது. அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை மூட்டையாக எண்ணிக் கணக்கை நேர் செய்வார்கள். போனும் முழுசாக ஏறும்போதும் கிட்டத்தட்டத் தீரும்போதும் அந்த நேர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. பேட்டரி கிழடாகிவிட்டால் அதுவும் தடுமாறும். 23 சதவீதத்தில் பொசுக்கென்று அணைந்த போனை நீங்களும் வைத்திருந்திருப்பீர்கள்.

ஐபோனிலேயே பர்சென்டேஜ் வந்தது 2009இல்தான், 3ஜிஎஸ் மாடலில். 2017இல் திரையின் தலையில் பள்ளம் வெட்டினார்கள், இடம் போதவில்லை என்று மேல் வரிசையிலிருந்து அந்த எண்ணைத் தூக்கினார்கள், 2022இல் மறுபடி பேட்டரிப் படத்துக்குள் திணித்தார்கள். அந்த எண் கண்ணில் பட்டால்தான் நமக்குச் சோறு இறங்குகிறது. 41 சதவீதம் என்றால் என்ன அர்த்தம் என்று யாரையாவது கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது. எண் துல்லியமாக இருக்கிறது, அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறோம். கோடாவது "நான் குத்துமதிப்பு" என்று மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

எனக்கு வேண்டியது கோடும் இல்லை, எண்ணும் இல்லை. வயதானவர்களுக்கென்று எழுத்தைப் பெரிசாக்கி, பின்னால் சிவப்பு பட்டன் வைத்து விற்கிறார்களே, அந்த போன்களில் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, சும்மா இருக்கும்போது பார்த்த வோல்டேஜை வைத்துக் கோடு வரையாதே, பேசும்போது எவ்வளவு விழுகிறது என்பதைப் பார்த்து வரை. பேசும்போது 3.4க்கு விழுகிற பேட்டரிக்கு மூன்று கோடு கொடுக்காதே, ஒன்று கொடு, கிழவர் எழுந்துபோய் சார்ஜ் போடுவார். இரண்டாவது, சாவதற்கு முன்னால் மகனுக்கோ மகளுக்கோ ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுச் சாவு. "சார்ஜ் தீர்ந்தது" என்று ஒரே வரி. தொலைந்த ஐபோன் அணையும் முன் தான் இருக்கும் இடத்தை அனுப்பிவிட்டு அணைகிற வசதி 2014லேயே வந்துவிட்டது. காணாமல் போன போனுக்குக் காட்டும் அக்கறையை மலையில் தனியாக இருக்கும் மனுஷனுக்குக் காட்டினால் என்ன கெட்டுவிடும்? இப்போது கீபேட் போன் என்ன செய்கிறது? சாகும் நேரத்தில் கீ கீ என்று கத்துகிறது, பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும், காது மந்தமான ஆளிடம். அந்தக் கத்தலுக்குச் செலவாகும் சார்ஜில் ஒரு மெசேஜ் போயிருக்கும்.

புது பேட்டரி வாங்கிப் போட்டு, போனை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனேன். கோட்டை நம்பாதீங்கப்பா, இரண்டு கோடு வந்தாலே போட்டுவிடுங்கள் என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்தால் அவர் சிரிக்கிறார். "அதை யாருடா பாக்குறா. கண்ணாடி போட்டாலே எனக்கு அது தெரியாது. நீ கேக்குறியேன்னு மூணுன்னு சொல்லுவேன்."

அப்புறம் சுவரில் தொங்கும் தினக் காலண்டரைக் காட்டினார். தாள் ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் கோடு. என்னிடம் ஒரு தடவை பேசினால் ஒரு கோடு, அக்காவிடம் பேசினால் இரண்டு கோடு (அவள் பேச்சு அப்படி). ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று அடித்துவிட்டு சார்ஜ் போட்டுவிடுவார். ஸ்டோரில் எழுதிய அதே கை, அதே ரிஜிஸ்டர். சில்லு செய்கிற வேலையை மனுஷன் பென்சிலால் செய்துகொண்டிருக்கிறார்.

"அப்ப அன்னிக்கு எப்படிப்பா தீந்துச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அன்றைக்கு மத்தியானம் பக்கத்து லைன் வீட்டு மேஸ்திரி, தன் போனில் டவர் இல்லை என்று இவர் போனை வாங்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறார், மேட்டில் ஏறி நின்று அரை மணி நேரம் மகளிடம் பேசியிருக்கிறார். "அதை நான் எழுதல" என்றார், ஏதோ ஒரு மூட்டை குறைந்ததைக் கண்டுபிடித்த முகத்தோடு. பென்சிலை எடுத்து, நாள் பல ஆகிவிட்டதே என்றுகூட நினைக்காமல், அன்றைய தாளின் ஓரத்தில் "மேஸ்திரி" என்று எழுதி மூன்று கோடு போட்டார்.