அவர்கள் சாவதற்காகக் கிளம்பவில்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோவை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அதைப் பரப்பும் எண்ணம் எனக்கு இல்லை. பேச்சாளர் பெயரையும் எழுதப்போவதில்லை. நிறையப் படித்தவர், நன்றாகப் பேசுகிறவர். அவருடைய உரைகளை நானே இந்தப் பக்கத்தில் பலமுறை பகிர்ந்திருக்கிறேன். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களைப் பற்றி அவர் சொன்னது இது: "ஒரு காசநோயாளி, ஒரு நொண்டி, ஒரு பெட்டிக்கடைக்காரர், ரெண்டு மூணு கவிஞர்கள். இவங்கதான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்னாங்களாம். சாகணும்னே கிளம்பின கூட்டம்." அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் எனக்குத் தெரிந்த முகங்களும் சிரித்தன.

கீழே நாகரிகமாக ஒரு கருத்து போட்டேன். "உணர்ச்சிவசப்படாதீங்க தோழர், வரலாற்றை வரலாறாகப் பாருங்க" என்று பதில் வந்தது. சரி, வரலாறாகவே பார்ப்போம்.

அவர்கள் சாவதற்காகக் கிளம்பவில்லை. அவர்களிடம் திட்டம் இருந்தது. ஐரிஷ் குடியரசு சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்புக்குள் ஒரு சின்னக் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்ட திட்டம். 1915இல் அந்தத் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட் ஜெர்மனிக்கே போய், அங்கிருந்த ஐரிஷ் தேசியவாதி ரோஜர் கேஸ்மென்ட்டோடு சேர்ந்து ஆயுதம் கேட்டார். 20,000 துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு 'ஆட்' என்ற கப்பல் கெர்ரி கடற்கரைக்கு வந்தும் சேர்ந்தது. 1916 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எழுவது என்பதுதான் ஏற்பாடு. சாக நினைப்பவன் இருபதாயிரம் துப்பாக்கிக்கு ஏன் கப்பல் பிடிக்கிறான்?

அப்புறம் என்ன நடந்தது? எல்லாமே கைவிட்டுப் போனது. கப்பலை பிரிட்டிஷ் கடற்படை மடக்கியது, மாலுமிகளே அதை மூழ்கடித்துவிட்டார்கள். கரையில் இறங்கிய கேஸ்மென்ட் பிடிபட்டார். எழுச்சிக்கு ஆள் தர வேண்டிய ஐரிஷ் தொண்டர் படையின் தலைவர் ஓயின் மெக்நீலுக்கு இந்த ரகசியத் திட்டத்தை முன்கூட்டிச் சொல்லவே இல்லை. விஷயம் தெரிந்து, கப்பலும் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும், ஞாயிறு அணிவகுப்பெல்லாம் ரத்து என்று செய்தித்தாளிலேயே அறிவிப்பு கொடுத்துவிட்டார். (மெக்நீலைத் துரோகி என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவரிடம் மறைத்தது பெரிய தவறு.) ஒரு நாள் தள்ளி, திங்கள்கிழமை, டப்ளினில் முதலில் திரண்டது ஆயிரத்துச் சொச்சம் பேர். ஓர் ஏற்பாடு உடைந்துபோனதை "சாகணும்னே கிளம்பினார்கள்" என்று சொன்னால் அதற்குப் பெயர் வரலாறா?

"அப்படியானால் திங்கள்கிழமை காலை, எழுச்சித் தலைவர்களில் ஒருவரான தொழிற்சங்கவாதி ஜேம்ஸ் கானலி, நாம் வெட்டுப்படத்தான் போகிறோம் என்று நண்பரிடம் சொன்னாரே?" என்று கேட்பீர்கள். சொன்னார். திட்டம் உடைந்த மறுநாள் சொன்னார். தலைவர்களைக் கைது செய்வது பற்றி, பிரிட்டிஷ் நிர்வாகம் இருந்த டப்ளின் கோட்டையில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து போலீஸ் வரக் காத்திருப்பதா, வெளியே வருவதா என்பதுதான் அன்று அவர்கள் முன்னால் இருந்த கேள்வி.

"எழுச்சித் தலைவர்களில் ஒருவரான கவிஞர் பியர்ஸ் ரத்தத்தைப் புனிதமாக்கி எழுதினாரே?" எழுதினார். எனக்கும் அந்த வரிகள் பிடிக்காது. கானலிக்கும் பிடிக்கவில்லை, தன் பத்திரிகையிலேயே கடுமையாகத் திட்டி எழுதினார். ஆனால் பியர்ஸ் என்றால் அந்த வரிகள் மட்டும்தானா? 1908இல் தன் கைக்காசும் கடனும் போட்டு ஐரிஷ் மொழியும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். அதற்கு முன்பே இருமொழிக் கல்வி எப்படி நடக்கிறது என்று பார்க்க பெல்ஜியம் வரை போய்வந்தவர். நாளைக்குச் சாகத் துடிப்பவன் இன்றைக்குப் பள்ளிக்கூடம் கட்டுவானா?

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன்.

பெட்டிக்கடைக்காரர் தாமஸ் கிளார்க். பிரிட்டிஷ் ராணுவ வீரர் ஒருவரின் மகன். வெடிகுண்டு வழக்கில் 1883இல் பிடிபட்டு ஆங்கிலேயச் சிறைகளில் 15 வருடம் இருந்தார். கூட இருந்தவர்களில் சிலர் அங்கேயே புத்தி பேதலித்துப்போனார்கள். இவர் மனம் கலங்காமல் வெளியே வந்து, அமெரிக்கா போய், 1907இல் திரும்பி வந்து டப்ளினில் புகையிலைக் கடை வைத்தார். யார் வந்தாலும் சந்தேகம் வராது, சுருட்டு வாங்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். அந்தக் கடைக் கவுண்டர்தான் ரகசிய அமைப்பின் அலுவலகம். ஏழு பேர் கையெழுத்திட்ட ஐரிஷ் குடியரசுப் பிரகடனத்தில் முதல் கையெழுத்து அவருக்கு என்று மற்ற ஆறு பேரும் விட்டுக்கொடுத்தது சும்மா இல்லை.

காசநோயாளி பிளங்கெட். வயது 28. கழுத்துச் சுரப்பியில் அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, கட்டோடு எழுந்து வந்தார். ராணுவத் திட்டத்தின் பெரும்பகுதி அவர் வரைந்தது. அவருக்கு உதவியாளராக நின்ற இளைஞர் பெயர் மைக்கேல் காலின்ஸ், பின்னாளில் விடுதலைப் போரை முன்னின்று நடத்தியவர். மே 3 இரவு பிளங்கெட், டப்ளினின் கில்மைனம் சிறைச்சாலைச் சிற்றாலயத்தில் கிரேஸ் கிஃபோர்டை மணந்தார். விடிந்ததும் சுட்டுவிட்டார்கள்.

"நொண்டி." அவர் பெயர் ஷான் மக்டெர்மடா. 1908இலிருந்து ரகசிய அமைப்பின் முழுநேர அமைப்பாளர். ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்தவர். 1911இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிழைத்தார், ஆனால் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். எழுச்சி தோற்றுச் சரணடைந்த அன்று இரவு கைதிகளைத் திறந்தவெளியில் புல்தரையில் போட்டு வைத்திருந்தபோது, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவரைப் பார்த்து, உங்கள் படையில் முடவர்களும் உண்டா என்று ஏளனமாகக் கேட்டதாக உடன் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நூறு வருடம் கழித்து, நம் ஊரில், நம் மேடையில், அந்த அதிகாரியின் வாசகத்தை நம் ஆளே சொல்கிறார். நாம் கைதட்டுகிறோம்.

என் அப்பாவுக்கும் இளம்பிள்ளை வாதம். வலது கால். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை, அங்கேயே சங்கத்தில் பொருளாளர். காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ், நடந்தால் சிமெண்ட் தரையில் டக் டக் என்று கேட்கும். சம்பளம் வந்த ஞாயிறு அன்று யாராவது சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார்கள், லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாக இறங்கிச் சந்தா வாங்குவார். அட்டை கிழிந்து டேப் ஒட்டிய ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் கொடுத்தார், யார் அடுத்த மாதம் தருகிறேன் என்றார், யார் வீட்டில் பிரசவம் என்பதால் கேட்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். மில்லில் கதவடைப்பு செய்து மாதக்கணக்கில் இழுத்தடித்தபோது, எந்த வீட்டில் முதலில் அரிசி தீரும் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் நிர்வாகத்தின் ஆள் ஒருவர், "நொண்டியைத் தவிர வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னபோது பக்கத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஆமாம், எனக்கு உணர்ச்சிவசப்படக் காரணம் இருக்கிறது. அதனால் நான் சொல்லும் தேதிகள் பொய்யாகிவிடுமா?

கதவடைப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் கானலி புரிவார். 1913இல் டப்ளின் முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களைக் கதவடைத்து வெளியே நிறுத்தினார்கள். சுமார் 20,000 பேர். குளிர்காலம் முழுக்கப் பட்டினி. போலீஸ் தடியடி. அடிபடும் தொழிலாளிக்குப் பாதுகாப்பாகத்தான், பிறகு கானலி வழிநடத்திய ஐரிஷ் குடிமக்கள் படை பிறந்தது. அந்தக் கானலியை இவர்கள் பட்டியலில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அவரை வைத்துச் சிரிக்க முடியாது. எடின்பரோவின் சேரி ஒன்றில் பிறந்தவர், குப்பை வண்டி ஓட்டியவரின் மகன். கணுக்கால் நொறுங்கி எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவரை மே 12 அன்று ஆம்புலன்ஸில் கில்மைனம் கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள்.

"ஹோம் ரூல், அதாவது அயர்லாந்துக்குத் தன்னாட்சி, எப்படியும் வந்திருக்கும், இவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்" என்பது அடுத்த வாதம். படித்தவர்களுக்கு மிகவும் பிடித்த வாதம். ஹோம் ரூல் சட்டம் 1914 செப்டம்பரில் நிறைவேறியது, போர் முடியும்வரை என்று அதே நாளில் நிறுத்தியும் வைக்கப்பட்டது. அதே வருடம் ஏப்ரலில், அந்தச் சட்டத்தை எதிர்த்து, வடக்கே பிரிட்டனோடே இருக்க விரும்பியவர்களின் அல்ஸ்டர் தொண்டர் படை ஜெர்மனியில் வாங்கிய ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை லார்ன் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களில் யாரையாவது சுவரோரம் நிறுத்தினார்களா? அல்ஸ்டருக்கு எதிராகப் போகச் சொன்னால் ராஜினாமா செய்வோம் என்று அயர்லாந்திலிருந்த கரா முகாமின் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளே சொன்னார்கள், அவர்கள் மேலும் நடவடிக்கை இல்லை. ஒரு பக்கம் துப்பாக்கி எடுத்தால் அரசியல், இன்னொரு பக்கம் எடுத்தால் பைத்தியக்காரத்தனமா?

பொதுமக்கள் சாவு. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த வாரத்தில் இறந்தவர்கள் சுமார் 485 பேர், பாதிக்கும் மேல் பொதுமக்கள். குழந்தைகளும் உண்டு. மக்கள் நெருங்கி வாழும் ஊரின் நடுவே தலைமை அஞ்சலகத்தைப் பிடித்தால் குண்டு எங்கே விழும் என்று தலைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாரம் அவர்கள் மேலும் இருக்கிறது. ஆனால் பீரங்கி கொண்டுவந்தது யார்? வடக்கு கிங் தெருவில் வீடு புகுந்து ஆண்களைக் கொன்றது யார்? கையில் ஆயுதமே தொடாத அமைதிவாதி ஷீஹி ஸ்கெஃபிங்டனைப் பிடித்துவைத்து, விசாரணை இல்லாமல் முகாமுக்குள் சுட்டது யார்? அப்புறம், பியர்ஸ் சரணடைந்த ஆணையை எடுத்துப் பாருங்கள். டப்ளின் மக்கள் மேலும் கொல்லப்படுவதைத் தடுக்க என்றுதான் அது தொடங்குகிறது. சாவுக்கு ஏங்கியவர் எழுதும் வாக்கியமா அது?

"சுட்டதால்தான் ஹீரோ ஆனார்கள்" என்றும் அந்த உரையில் இருக்கிறது. கைதிகளாக நடத்திச் செல்லப்பட்டபோது டப்ளின் மக்களில் ஒரு பகுதியினர் திட்டி அனுப்பினார்கள் என்பது உண்மை. பிறகு ரகசிய ராணுவ விசாரணை, வாதாட வக்கீல் கிடையாது, மே 3 முதல் 12 வரை தவணை தவணையாக 15 பேர். ஆகஸ்டில் லண்டனில் கேஸ்மென்ட்டுக்குத் தூக்கு. எழுச்சியை ஆதரிக்காத ஐரிஷ் எம்.பி. ஜான் டிலனே நாடாளுமன்றத்தில் எழுந்து, இவர்கள் கொலைகாரர்கள் அல்ல, நேர்மையாகப் போரிட்டவர்கள் என்று பேசினார். 1918 தேர்தலில் விடுதலை கேட்ட ஷின் ஃபெயின் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ ஜெயித்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு மட்டும் ஒரு நாடு அப்படி ஓட்டுப் போடாது. கிளார்க்கின் கடையும் மக்டெர்மடாவின் அலைச்சலும் போட்டுவைத்த அடித்தளம் அங்கே இருந்தது.

"அயர்லாந்தைப் பற்றி நமக்கு எதற்கு இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். சென்னையில் அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா'வில் வேலை பார்த்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், இந்த எழுச்சியைப் புகழ்ந்து எழுதியதால் வேலையை இழந்தார். டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த வி.வி.கிரி 1916இல் அந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1930இல் சிட்டகாங்கில் சூர்யா சென்னின் தோழர்கள் ஆயுதக் கிடங்கைத் தாக்கத் தேர்ந்தெடுத்தது ஈஸ்டருக்கு முந்தைய புனித வெள்ளியை. நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொருவர் பெயர் அந்த உரையில் ஒருமுறைகூட வரவில்லை. கேத்லீன் கிளார்க். மே 3 அன்று கணவர் தாமஸ். மே 4 அன்று தம்பி எட்வர்ட் டேலி. இரண்டு பேரையும் சிறையில் பார்த்து விடைபெற்றார். அப்போது அவர் கர்ப்பிணி. கணவரிடம் அதைச் சொல்லவில்லை, போகிற நேரத்தில் அவர் மனதில் பாரம் ஏற்ற வேண்டாம் என்று. பிறகு அந்தக் கருவும் கலைந்தது. அப்படிப்பட்ட நிலையிலும், இறந்தவர்கள், சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்டும் வேலையை அவர்தான் எடுத்துச் செய்தார். 1939இல் டப்ளினின் முதல் பெண் மேயர் ஆனார். ஒரு மணி நேர உரையில் இவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை, "நொண்டி"க்கு இடம் கிடைத்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள் என்று அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கொடுத்தால் 1913 கதவடைப்பிலிருந்து தொடங்குவேன், கேத்லீன் கிளார்க் வரை பேசுவேன். கொடுக்காவிட்டால் இதே பக்கத்தில் ஒவ்வொருவராக எழுதுகிறேன். முதலில் மக்டெர்மடா.