சேர் எத்தனை கேஸ் வென்றவர்?

மட்டக்களப்பு நீதிமன்றத்தில் 40 வருடத்துக்கு மேல் வழக்காடிய ஒரு மூத்த சட்டத்தரணி இப்போது ஓய்வுக்கு வந்துவிட்டார். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, சேர் என்றே எழுதுகிறேன். போன கிழமை ஒருவர் என்னிடம், "அவர் எத்தனை பெரிய கேஸ் வென்றவர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே பிழை என்கிறேன்.

அவரிடம் ஜூனியராக இருந்தவன் நான். எங்கள் பக்கத்துக் காணிப் பிரச்சினை லேசில் பிடிபடாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரே வயலுக்கு ஒருவரிடம் அரசாங்கம் கொடுத்த பேர்மிட் இருக்கும், இன்னொருவரிடம் வெறும் கையெழுத்துக் கடுதாசி, மூன்றாமவர் 1990 இடப்பெயர்வுக்குப் பிறகு வந்து காடு வெட்டி விதைத்துக்கொண்டிருப்பார். 1978 சூறாவளியில் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, பறிகொடுத்தவர்கள், 2004 சுனாமியில் பறிகொடுத்தவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள், சேர் அவர்களை முதலில் காணிப் பதிவகத்துக்குத்தான் அனுப்புவார், பிரதி அங்கே கிடக்குமல்லவா.

கைகலப்பு வரும் போலிருந்தால் பொலிஸ் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் அறிக்கை போடும். அதில் நீதவான் பார்ப்பது காணி யார் கையில் இருந்தது, முந்தின இரண்டு மாதத்துக்குள் யாரையாவது வெளியேற்றினார்களா என்பதைத்தான். உரித்து யாருக்கு என்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. இது தெரியாமல் 66இல் வென்றதும் வெடி கொளுத்திவிட்டு, பிறகு வருடக்கணக்காகத் தவணைக்கு அலைந்தவர்கள் எத்தனை பேர்!

சேர் வழக்குப் போட முதல் வளவைப் போய்ப் பார்ப்பார். ஒருமுறை, அக்காவுக்குச் சீதனமாக எழுதின வீடு, தங்கச்சியின் பக்கம் கிணறு, இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. "இஞ்ச பாருங்க புள்ள, தீர்ப்பு வந்த பிறகும் ரெண்டு பேரும் இந்தக் கிணத்துலதானே தண்ணி அள்ளப்போறீங்க?" என்றார். நில அளவையாளரைக் கூட்டி வந்து, பிளான் போட்டு, கிணற்றுப் பங்கையும் பாதையையும் உறுதியிலேயே எழுதி முடித்தார். வழக்கு நீதிமன்றம் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அவருக்குத்தான் காசு.

அதற்காக எல்லாவற்றையும் சமாதானமாக்குகிறவர் என்று நினைக்காதீர்கள். யுத்தத்தில் ஓடிப்போனவனின் உறுதிக் காணியைப் பிடித்துவைத்து 'பத்து வருடம் ஆண்டுவிட்டோம், இனிச் சட்டப்படி எங்களுக்குத்தான்' என்று வந்தவர்களோடு ஒரு அங்குலமும் இறங்கமாட்டார். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை காணிக்குப் போகமுடியாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தை இந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. வழக்குப் போடத் தந்தது இரண்டே வருடம். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படிப் போதும்? போதாது என்று அன்றைக்கே சொன்னவர் சேர்.

எனக்குக் கோபம் வருவது, வழக்குக்குப் போகமுதல் இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசவைக்கிற மத்தியஸ்த சபை விஷயத்தில். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் எவ்வளவு நல்ல ஏற்பாடு. இப்போது சில சட்டத்தரணிகளே "போய் இணக்கம் வரவில்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வாங்க, வழக்குப் போடலாம்" என்று ஆளை அனுப்புகிறார்கள். பேசிப் பார்க்கவே இல்லை என்றால் எதற்கு அந்தச் சபை?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புதிதாகச் சத்தியப்பிரமாணம் எடுத்து வருகிற தம்பி தங்கச்சிமார் சேரிடம் போய் இருந்து கேளுங்கள். பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பார். காணி வழக்கென்றால் பிளானையும் கொண்டுபோங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.